முப்பத்திரண்டு சுற்று நமசிவாய

லஸ்கர் வைத்திலிங்கம் இறந்துபோன செய்தி எங்கள் பாசனதாரர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு மேலே யூரியா கிடைக்கவில்லை என்று ஒருவர் புலம்பியிருந்தார். கீழே அறுவடை இயந்திரம் என்றைக்கு வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நடுவில் ஒரு வரி: "நம்ம பழைய லஸ்கர் வைத்திலிங்கம் ஐயா இன்று காலை சிவபதம் அடைந்தார்." அரைமணி நேரத்துக்குள் கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவர் வேலையில் இருந்த காலத்தில் மதகடியில் நின்று அவருடைய தாயாரைத் தெருவுக்கு இழுத்தவர்களின் கைகளும் அவற்றில் இருந்தன. நான் கை கூப்பவில்லை. அப்படிக் கும்பிடுகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது வைத்திலிங்கத்தைக் கல்லணைப் பக்கம் மாற்றினார்கள். ஒரு மொட்டைக் கடுதாசியால் வந்த மாற்றம் அது. யார் எழுதியது என்று நீங்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னீர்கள். எழுதியவன் நான். அது அவருக்குத் தெரியுமா, தெரிந்துகொண்டேதான் என் முகத்தைப் பார்த்தாரா என்ற கேள்வி எட்டு வருஷமாக எனக்குள் கிடக்கிறது. சங்கம் போடும் நினைவு மலருக்கு நான்கு பக்கம் எழுதச் சொன்னார்கள். ஊரில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் நான்தானாம்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் மதகுப் பலகையை ஏற்றி இறக்கும் கடைநிலை அரசாங்க ஊழியருக்கு எங்கள் பக்கம் லஸ்கர் என்று பெயர். பழைய இலாகாச் சொல். குத்தாலத்துக்குக் கிழக்கே எங்கள் மதகிலிருந்து வடக்கே ஒரு வாய்க்கால், தெற்கே ஒரு வாய்க்கால். ஒவ்வொன்றுக்கும் ஓர் இரும்பு ஷட்டர், அதை உயர்த்த ஒரு நீளத் திருகு, திருகைச் சுற்ற ஒரு கைப்பிடி. வைத்திலிங்கம் சுற்றுக்கு ஒரு நமசிவாய சொல்வார். கைப்பிடி ஒருமுறை முழுதாகத் திரும்பி வந்தால் ஒன்று. அதுதான் அவருடைய கணக்கு, அதுதான் அவருடைய ஜபம்.

மந்திரம் சொல்கிறவர்களை எனக்கு ஏன் ஆகாது என்பதையும் சொல்லவேண்டும். நான் இயற்பியல் படித்தவன். நன்னிலம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பதினோரு வருஷம் பாடம் நடத்தினேன். அதன் தாளாளர் விரலில் மோதிரம்போல ஓர் எண்ணும் கருவியை மாட்டியிருப்பார். உதடு அசையும், கட்டைவிரல் அமுங்கும், 'டிக்' என்று சத்தம் வரும். "அடுத்த மாசத்துலேருந்து நீங்க வரவேண்டியிருக்காது சார்" என்று அவர் என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் நான்கு 'டிக்' கேட்டேன். என் இடத்துக்கு அவருடைய மைத்துனர் வந்தார். அன்றுமுதல் உதடு அசைகிற மனிதனைக் கண்டால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

வேலை போய் ஊருக்கு வந்த முதல் வருஷத்தில்தான் வைத்திலிங்கத்தை வேலையில் பார்த்தேன். முறைவைத்துத் தண்ணீர் விடும் காலம். மதகின்மேல் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். தெற்கு ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், மடித்துக் கட்டிய காக்கி, நெற்றியில் வியர்வையில் கரைந்த விபூதி. அத்தனை பேர் நின்றும் ஒரு சத்தமில்லை. அவருடைய குரல் மட்டும் கைப்பிடியோடு சுற்றிச் சுற்றி வந்தது. அப்போது வடக்கு வாய்க்காலின் பெரிய மிராசு ஒருவர் புல்லட்டில் வந்து இறங்கினார்.

"யோவ் லஸ்கரு, போதும்யா தெக்க. வடக்கத் தூக்கு."

வைத்திலிங்கம் நிறுத்தினார். அவரைப் பார்த்தார். பிறகு கைப்பிடியை எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். ஏற்றிய ஷட்டர் முழுதாக இறங்கி அடியில் மோதியது.

"என்னய்யா பண்ற?"

"இருபத்தேழு வந்திருந்தேனுங்க. பேச்சுக் குடுத்துட்டீங்க, விட்டுப்போச்சு. இனிமே முதல்லேருந்துதான்."

"அதுக்காக மூடிட்டுத் தொறக்கணுமா?"

"இன்னொரு வார்த்தை பேசுனீங்கன்னா மறுபடியும் மூடிட்டுத் தொறப்பேங்க."

கூட்டத்தில் யாரோ, "ஐயா, வாய மூடுங்கய்யா, பொழுது சாஞ்சுடும்" என்றார். சிரிப்பு. மிராசு வண்டிமேல் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு எல்லோரும் வைத்திலிங்கத்தை மெச்சினார்கள். எனக்கு மட்டும் அது நாடகமாகப் பட்டது. கையில் ஒரு கைப்பிடி கிடைத்த ஊழியன் ஊரையே வாய்பொத்தி நிற்கவைக்கிறான், அதற்குச் சிவனைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன்.

அதை அவரிடமே கேட்டேன். ஓய்வூதியத்துக்கு வாரிசு நியமனப் படிவம் நிரப்ப என் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். படிவம் என்றால் பயம். நான் எழுதிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தேன்.

"அண்ணே, நீங்க சொல்ற மந்திரத்துக்கு அர்த்தம் தெரியுமா?"

"சிவனுக்கு வணக்கம்."

"காலையிலேருந்து எத்தனை வணக்கம் சொல்லியிருப்பீங்க! அவரு ஒண்ணுக்காவது திருப்பிச் சொன்னாரா?"

"நீங்க காலேஜுல இருந்தப்ப புள்ளைங்க வச்ச வணக்கத்துக்கெல்லாம் திருப்பி வச்சீங்களா சார்?"

நான் வைத்ததில்லை. அவர் தொடர்ந்தார்: "ஒரு ஓதுவாரு சொன்னாரு. நமங்கிறதுக்கு 'என்னுது இல்ல'ன்னும் ஒரு அர்த்தம் உண்டாம். எனக்கு அது புடிச்சிருந்துச்சு. கைப்பிடியப் புடிச்சிருக்கும்போது அது ஞாபகத்துல இருந்தா நல்லது. இல்லாட்டி நம்ம தண்ணிங்கிற நெனப்பு வந்துடும்."

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனா ஆகாதா?"

"எண்ணிப் பாத்தேன். ஆளாளுக்கு நடுவுல பூந்து பேசுறான். மாமன் மச்சான்ங்கிறான், ஜாதியச் சொல்றான், அம்மாவத் திட்டுறான். மந்திரம் சொன்னா எவனும் நடுவுல பேச மாட்டான். பாவம்னு பயம்."

"அப்ப இது பக்தி இல்ல. வேலி."

"வேலின்னா என்ன சார் மட்டமா? ஆடு உள்ள வராம இருக்குல்ல."

படிவத்தை வாங்கி மடித்துக்கொண்டு போனார். என் சந்தேகத்தை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எனக்குத் திருப்தி. மந்திரத்தை வேலியாக வைத்திருப்பவன் அந்த வேலிக்கு உள்ளே என்ன செய்கிறான் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருந்தது.

மேட்டூர்த் தண்ணீர் தாமதமாக வந்த வருஷம் அந்தக் கேள்வி முற்றியது. அப்பாவின் ஐந்து ஏக்கரில் நான் முதன்முதலாக என் பொறுப்பில் சம்பா விதைத்திருந்தேன். தெற்கு வாய்க்காலின் கடைமடை. வேலை போய் வந்தவனின் விவசாயம் எப்படி முடிகிறது என்று பார்க்க ஊரே காத்திருந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. நாற்பது நாள் பயிரில் நிலம் வெடித்தது. வடக்கு வயல்களில் தண்ணீர் மினுங்கியது. நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மதகடிக்குப் போனேன். தண்ணீர் விடும் முறைநாள்கள் மூன்று, மூன்று காலைகள். ஒவ்வொரு நமசிவாயவுக்கும் ஒரு கோடு. தெற்குக்கு முப்பத்திரண்டு. வடக்குக்கு நாற்பத்தெட்டு. மூன்று நாளும் அதே எண்கள்.

வெட்டவெளியில், அத்தனை பேர் காது கேட்க, உரத்த குரலில் ஒருவர் ஏமாற்றுகிறார், பக்தியில் மயங்கி ஒருவரும் எண்ணவில்லை என்று எனக்குப் பட்டது. அன்று மாலையே எழுதினேன். "பக்திமான் வேடத்தில் கடைமடை விவசாயிகளை வஞ்சிக்கும்" என்று தொடங்கும் கடிதம். நல்ல தமிழ். கீழே பெயர் போடவில்லை.

பத்து நாளில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். மதகின்மேல் நின்றபடியே விசாரணை. நாங்கள் சுற்றி நின்றோம். அவர் கையில் என் கடிதம் இருந்தது.

"தெற்கு ஷட்டர எத்தனை சுத்து தூக்குறீங்க?"

"முப்பத்திரண்டுங்கய்யா."

"வடக்க?"

"நாப்பத்தெட்டுங்க."

"ஒத்துக்குறீங்க?"

"இதுல ஒத்துக்க என்னங்கய்யா இருக்கு, எப்பவும் அதான். மரையப் பாருங்கய்யா, ரெண்டும்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

வைத்திலிங்கம் வாயை மூடிக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. அதிகாரி தன் கூட வந்தவரைப் பார்த்து, "பாருங்க, மந்திரம் சொல்லிக்கிட்டே மடையப் பூட்டுற ஆளு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. இரண்டு வருஷம் கல்லணைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். மனைவி மரகதம் இங்கேயே இருந்தார். அந்த அம்மாளுக்குச் சர்க்கரை. கண்ணுக்கு மாதாமாதம் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கூட்டிப்போக ஆளில்லை. இடது கண் போயிற்று.

அவருக்குப் பிறகு வந்த லஸ்கர் மந்திரம் சொல்கிறவர் இல்லை. ஒரு ஸ்கேலை வைத்து அளந்து ஷட்டரைத் தூக்குவார். ஒருநாள் அவரிடம், "இப்ப ரெண்டுக்கும் சமமாத்தானே தூக்குறீங்க?" என்று கேட்டேன். "சமம்தான் சார். சுத்துதான் வேற. வெள்ளத்துல பேந்துபோயி தெற்கு ஷட்டர மாத்துனாங்கல்ல, அந்தப் புதுத் திருகுல மரை அகலம். தெற்கு நாலு சுத்துல ஏறற உயரத்துக்கு வடக்கு ஆறு சுத்து வேணும்" என்றார். திருகில் ஓடும் சுருள் வரிதான் மரை. நாலுக்கு ஆறு. முப்பத்திரண்டுக்கு நாற்பத்தெட்டு. இரண்டு ஷட்டரும் எப்போதும் ஒரே உயரம்தான் ஏறியிருக்கின்றன. அப்படியானால் என் வயல் ஏன் காய்ந்தது? வாய்க்காலின் கடைசிப் பகுதியில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அதை வெட்டும் முறை எங்கள் தெருவுக்கு. நான் போகவில்லை.

அடுத்த லஸ்கர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அடுத்தவர்களைச் சந்தேகிப்பதில் நான் காட்டிய கவனத்தை என்மேலும் கொஞ்சம் காட்டினால், அது முழு உண்மையில்லை. திருகு அளவியைக் கையில் வைத்துக்கொண்டு முதலாண்டு மாணவர்களுக்குப் புரியிடைத் தூரம் என்றால் என்ன என்று பதினோரு வருஷம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு எவ்வளவு நகர்கிறதோ அதுதான். அது தெரியாமல் சுற்றுகளை மட்டும் எண்ணிப் பயனில்லை. இரண்டு மதிப்பெண் கேள்வி. அன்று மதகின்மேல் 'மரையப் பாருங்கய்யா' என்ற வார்த்தை காதில் விழுந்தபோது அந்த இரண்டு மதிப்பெண் கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. வந்த பிறகுதான் சிரித்தேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதடு அசையும். ரேஷன் கடையில் பார்த்தால் அசையும், உரக்கடையில் பார்த்தால் அசையும். மற்றவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர் நான் வந்ததும் நமசிவாயவுக்குள் போய்விடுவார். எனக்குச் சாபம் விடுகிறார் என்றே நினைத்தேன். நான் படித்த படிப்பு அந்த நினைப்பைத் தடுக்கவில்லை. அந்த வருஷம் எனக்கு முதுகுவலி வந்தபோது அவருடைய உதடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. கடைசியில் குத்தாலம் பஸ் ஸ்டாண்டில் தனியாக மாட்டினார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, என்னப் பாத்தா மட்டும் மந்திரம் வேகமா ஓடுது?"

அவர் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். எத்தனை என்று தெரியாது. பிறகு சொன்னார்:

"உங்களப் பாத்தா பேச்சு வந்துடும் சார். வந்துடக் கூடாதுன்னுதான்."

"என்ன பேச்சு?"

"அதான் வரக்கூடாதுங்கிறேன்ல."

மயிலாடுதுறை பஸ் வந்தது. "ஏறுங்க சார், உங்க வண்டி" என்றார். ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரியும் என்று அன்று தொண்ணூறு சதவீதம் முடிவு செய்தேன். மீதிப் பத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன்.

இந்த இடத்தில் அவரை மகான் ஆக்கிவிட நீங்கள் ஆசைப்படுவீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வாய் திறந்து, "நீதானடா எழுதினே" என்று நான்கு பேர் முன்னால் கேட்டிருந்தால் எனக்கு அது அன்றோடு முடிந்திருக்கும். அவர் முடிக்கவிடவில்லை. அந்த மௌனத்தில் கொஞ்சம் கர்வம் இருந்தது என்று இப்போதும் சந்தேகப்படுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மரகதம் அம்மாள் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் காணத் தலையை இடது பக்கம் திருப்பவேண்டியிருந்தது.

"யாரு, வாத்தியாரா? உக்காருங்க."

"அக்கா, அந்த மொட்டைக் கடுதாசி..."

"தெரியும் தம்பி. அன்னிக்கு ஆபீசரு கையில இருந்ததப் பாத்துட்டுத்தான் வந்தாரு. பென்சன் பாரத்துல இருந்த அதே எழுத்து. வீட்டுக்கு வந்து ரெண்டையும் மனசுல வச்சு ஒத்துப் பாத்துக்கிட்டே இருந்தாரு."

"ஏன் கேக்கல?"

"கேக்கச் சொல்லி நான்தான் சண்டை புடிச்சேன். 'வாயத் தொறந்தா அசிங்கமாத் திட்டிடுவேன் மரகதம், அப்புறம் இத்தனை வருசம் சொன்னதெல்லாம் என்னத்துக்கு'ன்னாரு. அதுக்கப்புறம் உங்க பேச்ச எடுத்தாலே முணுமுணுன்னு ஆரம்பிச்சுடுவாரு. எனக்கு எரிச்சலா வரும்."

கடைசியில், எட்டு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "மன்னிச்சுட்டாராக்கா?"

"அது எனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லுவாரு. மன்னிச்சவன் எதுக்கு அத்தனை தடவை சொல்லணும்? பாடுபட்டாரு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." அந்த அம்மாள் என்னை வலது கண்ணால் நேராகப் பார்த்தார். "நான் மன்னிக்கல. காப்பி குடிச்சுட்டுப் போங்க."

காப்பி வந்தது. சர்க்கரை இல்லாத காப்பி; அந்த வீட்டில் அப்படித்தான். குடித்தேன். எழுந்திருக்கும்போது நினைவு மலருக்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், நான் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. நல்லாத்தான் எழுதுவீங்க. இந்தத் தடவை கீழ கையெழுத்துப் போடுங்க."

ஒரு மந்திரத்தை நாளெல்லாம் சொல்வதால் மனிதனுக்கு என்ன நடக்கிறது என்று எனக்கு இப்போதும் தெரியாது. நானும் சொல்லிப் பார்த்தேன், போன வாரம், வயலில் மடை திறந்துவிட்டு நிற்கும்போது. ஏழாவது நமசிவாயவில் தாளாளர் வந்துவிட்டார். அவரைத் தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். பதினொன்றில் பாகப்பிரிவினையில் என்னை ஏமாற்றிய தம்பி வந்தான். மறுபடி முதலிலிருந்து. பொழுது ஏறும்வரை நின்றும் பதினாலைத் தாண்டவில்லை. வெளியே நாற்பது பேர் வாய்பொத்தி நிற்கும்போது முப்பத்திரண்டு வரை தப்பாமல் போவதும், உள்ளே ஒருவன் கத்தும்போது எட்டு வருஷம் தப்பாமல் போவதும் வேறு வேறு வேலை என்பது மட்டும் புரிந்தது. இரண்டாவதைச் செய்ய அவர் பட்ட பாட்டுக்கு நான் காரணம்.

வைத்திலிங்கத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய மந்திரம் அல்ல. அதற்கு எனக்கு உரிமையில்லை. மதகின்மேல் அவர் முடிக்காமல் விட்ட அந்தப் பாதி வாக்கியத்தைத்தான் வைத்துக்கொள்கிறேன். அன்று அங்கே நின்ற அத்தனை பேரில் அதன் மறுபாதி தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர் சார்பில் இப்போது அதை முடித்து எழுதுகிறேன்: மரையைப் பாருங்கள் ஐயா, இரண்டும் வேறு வேறு, தெற்கில் முப்பத்திரண்டும் வடக்கில் நாற்பத்தெட்டும் ஒரே உயரம், இந்த மனிதர் யாருடைய தண்ணீரையும் எடுக்கவில்லை.

கு. ராமநாதன்,
தெற்கு வாய்க்கால், கடைமடை.